வரிசையை விட்டுப் போனவள்

கிழக்கிலங்கையில் இறக்காமத்தைத் தாண்டும்போது யானை ஒன்று சாலையை மறித்து நின்றது. எங்கள் வான் முக்கால் மணி நேரம் அசையவில்லை. கூரையில் கட்டியிருந்த துடுப்புகளின் மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் சிங்களவர். எஞ்சினை அணைத்து, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு ஏதோ சொன்னார். எங்களை அழைத்துப்போக வந்திருந்த ஷிஃபான் அதைத் தமிழில் சொன்னான்: “யானையார் வயலுக்குப் பெய்த்து வீட்ட போறாராம். நாம ஹோர்ன் அடிச்சா வானுக்குள்ள வந்து இருந்து தேத்தண்ணி கேப்பாராம்.”

என் முதலாளி விக்ரம் சார் மட்டும் கதவைத் திறந்து இறங்கிக் கைப்பேசியில் படம் எடுத்தார். “பயம் மனசுலதான் இருக்கு பாய்” என்றார். யானை காதை விரித்து ஓர் அடி முன்னால் வைத்ததும் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஓட்டுநர் மறுபடியும் ஏதோ முணுமுணுத்தார். இந்தத் தடவை ஷிஃபான் மொழிபெயர்க்கவில்லை.

நான் கீழக்கரைக்காரன். ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். இருபது வருடத்துக்கு மேல் சங்கு குளித்தேன். ஆழம் உடம்புக்கு ஒத்துவராமல் போனபிறகு விக்ரம் சாரின் கம்பெனியில் சேர்ந்தேன். பள்ளிப் பிள்ளைகளையும் அலுவலகத்து ஆட்களையும் கடலோரம் கூட்டிவந்து, கயாக் என்கிற ஒற்றை ஆள் பிளாஸ்டிக் படகில் ஏற்றி, கயிற்றின் மேல் நடக்கவிட்டு, தன்னம்பிக்கை வளர்ப்பது அந்தக் கம்பெனியின் தொழில். நான் எஞ்சின் படகில் பின்னாலேயே போவேன். யாராவது கவிழ்ந்தால் தூக்கிப் போட்டுக்கொள்வேன். பேச வேண்டியதில்லை. நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் இந்த வேலை எனக்குப் பொருந்தியிருந்தது.

கல்முனைப் பக்கத்து இளைஞர் கமிட்டி ஒன்று எங்களைக் கூப்பிட்டிருந்தது. ஆறு நாள் பயிற்சி. உப்பங்கழியோரம் ஒரு சாகச மையம் திறக்கப்போகிறார்கள். பயிற்சி முடிவில் மூன்று பேரைச் சம்பளத்துக்கு வழிகாட்டிகளாக எடுப்பார்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெண்களின் குழுக்கள் வராது. தை மாதம் மழைக்காலம், வேண்டாம் என்று கமிட்டிக்காரர்கள் சொன்னார்களாம். உதவி கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் தை தாண்டக் கூடாது என்றார்களாம். தையிலேயே போனோம்.

முதல் இரவு கல்முனைக்குடியில் ஷிஃபானின் வாப்பா வீட்டில் தங்கினோம். கமிட்டித் தலைவரும் அவர்தான். ஊரில் எல்லாரும் ஹாஜியார் என்பார்கள். துணிக்கடை வைத்திருக்கிறார். காலையில் இடியப்பம், சொதி, மாசிச் சம்பல், சூடை மீன் பொரியல் என்று பாயில் பரப்பினார்கள். கடைசியாக ஒரு தட்டில் தொதல் என்கிற இனிப்பு வந்தது. எங்கள் ஊர்த் தொதல்தான் உலகத்திலேயே பெரிது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இங்கே கொஞ்சம் இளக்கமாக, எண்ணெய் அதிகமாக இருந்தது. எது நல்லது என்று ஹாஜியார் கேட்டார். இதுதான் என்று சொல்லிவிட்டேன். பொய்தான். வாயில் வந்தது அது.

உறவுமுறை எல்லாம் எங்கள் ஊர் மாதிரியே இருந்தது. அப்பா வாப்பா, அம்மா உம்மா, அண்ணன் காக்கா. எனக்கு வயது கூட என்பதால் எல்லாரும் என்னைக் காக்கா என்றார்கள். வெளிநாட்டுக்கு வந்த மாதிரியே இல்லை. ஆமாம் என்பதற்கு ஓம் என்றார்கள், பேசுவதைக் கதைப்பது என்றார்கள். இரண்டாம் நாள் முடிவதற்குள் எனக்கும் அது ஒட்டிக்கொண்டது.

பயிற்சி கல்முனைக்குத் தெற்கே ஒரு களப்பின் கரையில். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் தேங்கி நிற்கும் உப்பங்கழியை இங்கே களப்பு என்கிறார்கள். கடலுக்கும் அதற்கும் இடையே ஒரு மணல் திட்டு, சுவர் போல. நானும் சாரும் கரையிலிருந்த ஒரு மண்டபத்தில் தங்கினோம். பயிற்சிக்கு வந்த பதினாறு பேரும் காலையில் பஸ்ஸில் வந்து மாலையில் வீட்டுக்குப் போனார்கள். அதில் நாலு பேர் பெண்கள்.

ருஷ்தா அந்த நாலு பேரில் ஒருத்தி. மருதமுனைக்காரி, வயது முப்பதுக்குள். அவளுடைய உம்மா தறி நெய்கிறார். கணவன் சவூதியிலிருந்து போனிலேயே தலாக் சொல்லிவிட்டான். மூன்று வயதில் ஒரு மகள். முதல் நாளே எஞ்சின் படகைக் கரையேற்ற எனக்குக் கைகொடுத்தவள் அவள்தான். எங்கள் ஊரைப் போலவே அங்கேயும் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். அதனால் குடியிருக்க இடம் இருக்குமே என்று கேட்டேன்.

“வீடு கிடக்கு காக்கா. வாப்பா மௌத்தாகுறதுக்கு முன்ன கட்டித் தந்த வீடு. வீட்ட அவிச்சுத் தின்ன ஏலாதே” என்றாள். பிறகு, “இந்த வேல கெடச்சாப் போதும். வேற ஒண்ணும் நான் துஆ கேக்கல்ல” என்றாள்.

இரண்டாம் நாள் மன தைரியத்துக்கான விளையாட்டுகள். கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய வேண்டும், மற்றவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள். ஆண்கள் மாறி மாறிச் சாய்ந்தார்கள். பெண்கள் நாலே பேர், தாங்க ஆள் போதாது. என்ன செய்வதென்று விக்ரம் சாருக்குத் தெரியவில்லை. இது அவருடைய புத்தகத்தில் இல்லை. கடைசியில் மண்டபத்தில் கிடந்த மெத்தைகளை அடுக்கி அதன்மேல் விழச் சொன்னார். “மெத்தைய நம்புறதுக்கு என்ன சேர் பயிற்சி? நாங்க தினமும் ராவைக்கு அதத்தான் நம்புற” என்றாள் ருஷ்தா. எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். ஆனால் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

அதன்பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்து, தங்கள் பயத்தை எழுதி நெருப்பில் போடச் சொன்னார். ஷிஃபான் ஒன்றும் இல்லை என்று எழுதிப் போட்டான். இரண்டு பேர் யானை என்று எழுதினார்கள். எனக்கும் ஒரு தாள் தந்தார். மைக் என்று எழுதினேன். எரிந்தது. பயம் அப்படியே இருந்தது.

“தண்ணின்னா யாருக்கெல்லாம் பயம்? கை தூக்குங்க” என்று சார் கேட்டார். ஒருவரும் தூக்கவில்லை. பார்த்தீர்களா, நல்ல தைரியம் என்று அவர் பாராட்டத் தொடங்கினார். நாற்பது வயதுள்ள ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “சேர், எங்கட ஊர்ல அத யாரும் கேக்கிறல்ல.” சுனாமி அலை வந்துபோய் எத்தனை வருடம் என்று மனதில் கணக்குப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் அதைப் பார்க்காத வயது யாருக்கும் இல்லை. சாருக்கு விளங்கவில்லை. அடுத்த விளையாட்டுக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் கயாக்கைத் தண்ணீரில் இறக்கினோம். விதி ஒன்றுதான். எல்லாரும் ஒற்றை வரிசையில் போக வேண்டும், யார் கவிழ்ந்தாலும் வரிசை கலையக் கூடாது, மீட்கப் போவது எஞ்சின் படகு மட்டும்தான். “வரிசையை விட்டுப் போனவங்க செலக்‌ஷன்ல இல்ல” என்றார் சார். இது நல்ல விதி. எங்கள் கடலிலும் இதைத்தான் வைத்திருக்கிறோம். ஒருவனைக் காப்பாற்றப் போய் இரண்டு பேர் முழுகியதை நான் பார்த்திருக்கிறேன்.

ருஷ்தா முதல் மணி நேரத்திலேயே படகைக் கைக்குள் கொண்டுவந்துவிட்டாள். அந்த அலைக்குப் பிறகு அவளுடைய வாப்பா அவளைக் களப்பில் இறக்கி நீந்தப் பழக்கினாராம். துடுப்பைத் தண்ணீருக்குள் போடும் சத்தமே கேட்காது. ஷிஃபானுக்குக் கை வலுவானது, கவனம்தான் போதாது. பாதித் தூரத்தில் துடுப்பை மடியில் வைத்துவிட்டு வீடியோ எடுப்பான். அன்று மாலை சார் என்னிடம், “அந்தப் பொண்ணு கன்ஃபார்ம் பாய்” என்றார். நான் அதை அவளிடம் சொல்லவில்லை. இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்று நினைத்தேன்.

அன்றிரவு தொடங்கிய மழை நாலாம் நாள் முழுக்க நிற்கவில்லை. பயிற்சி இல்லை. வயலும் களப்பும் ஒரே தண்ணீராகிவிட்டன. நெல் கதிர் தள்ளப்போகிற பருவம். பயிரின் நுனி மட்டும் தெரிந்தது. வரப்பில் மனிதர்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். காரைதீவுத் தமிழர்களும் இந்தப் பக்கத்து முஸ்லிம்களும் கலந்து நின்றார்கள். வெள்ளத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

அசர் தொழுகைக்குக் களப்பங்கரைப் பள்ளிக்குப் போனேன். சலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் முன் வரிசையில் ஒருவர் எழுந்து திரும்பி நின்று சொன்னார்: “நாளைக்கு விடிய சுபஹுக்குப் பொறகு ஆத்துவாய் வெட்டுறாங்க. வல போட்டவங்க எடுங்க. தோணிய ஏத்திக் கட்டுங்க. புள்ளைகளக் களப்புப் பக்கம் விடாதங்க.” எல்லாரும் தலையாட்டிவிட்டு எழுந்தார்கள். இதே செய்தியைக் கோயிலிலும் சொல்வார்களாம். அங்கே இதற்கு நோட்டீஸ் ஒட்டுவது, மைக் கட்டுவது எல்லாம் கிடையாது. தொழுகைக்கும் பூசைக்கும் போகிறவன் கேட்டுக்கொண்டு போய் மற்றவனுக்குச் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம்.

வெளியே தேத்தண்ணிக் கடையில் பால் இல்லாமல் இஞ்சி போட்ட பிளேன்டி குடித்தேன். பக்கத்தில் இருந்தவர் காரைதீவு வட்டை விதானை. ஒரு வயல்வெளிக்குத் தண்ணீர் பங்கிடும் தலைவரை அப்படிச் சொல்கிறார்கள். ஆற்றுவாய் என்றால் என்ன என்று கேட்டேன்.

“கடலுக்கும் களப்புக்கும் நடுவுல மண் கிடக்கே தம்பி, அத வெட்டி விடுற. தண்ணி கடலுக்கு இறங்கினாத்தான் பயிர் தப்பும்.”

“எவ்வளவு பெரிதாக வெட்டுவீர்கள்?”

“வெட்டக்குள்ள வாய்க்கால்தான். சின்னப் புள்ளையும் தாண்டும். ரெண்டு மூணு மணித்தியாலத்தில மண் தானா இடியும். பொறகு அது நம்மட சொல்லுக் கேக்காது. காலையில வாய்க்கால், மத்தியானம் ஆறு.”

கடைக்காரர் குறுக்கே சொன்னார்: “ஒருக்கா மாடு ஒண்ட இழுத்துக்கிட்டுப் பெய்த்து. கடல்ல மேயட்டும் எண்டு விட்டுட்டு வந்த.”

ஐந்தாம் நாள்தான் கடைசித் தேர்வு. களப்பின் ஒரு கரையிலிருந்து மணல் திட்டு வரை போய்த் திரும்ப வேண்டும். நாலாம் நாள் இரவு சாப்பிடும்போதே விக்ரம் சாரிடம் ஆற்றுவாய் வெட்டப்போவதைச் சொன்னேன். அவர் கைப்பேசியில் வரைபடத்தை விரித்தார். “வெட்டுற இடம் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கு பாய். நாம இந்த மூலைலயே திரும்பிடுவோம். அடுத்த நாள் சர்ட்டிஃபிகேட் ஃபங்ஷன். தள்ளி வைக்க முடியாது.” மத்தியானம் ஆறாகிவிடுமாம் என்றேன். “மண்வெட்டியால வெட்டுனா ஆறா? காலைல நானே பார்க்கறேன்” என்றார். அவர் பேச்சில் கோபம் இல்லை. நான் மீன் முள்ளை ஒதுக்கினேன்.

காலையில் அவர் தொலைநோக்கியில் மணல் திட்டைப் பார்த்தார். எனக்கும் தந்தார். இருபது முப்பது பேர் நின்றார்கள். மணலில் ஒரு கோடு, அதில் தண்ணீர் மினுங்கியது. இரண்டு சிறுவர்கள் அதைத் தாண்டித் தாண்டி விளையாடினார்கள். “பாத்தீங்களா” என்றார். ஓம் என்றேன்.

பஸ்ஸில் வந்தவர்களில் யாரும் அந்தக் கரையைச் சேர்ந்தவர்கள் இல்லை. எவருக்கும் செய்தி தெரியாது. ருஷ்தா மட்டும் உயிர்காப்பு அங்கியைக் கட்டும்போது அந்தப் பக்கம் பார்த்தாள்.

“காக்கா, அவடத்த என்ன ஆக்கள்?”

“ஆற்றுவாய் வெட்டுகிறார்கள்.”

அவள் கை நின்றது. “அப்ப நாம இண்டைக்கு இறங்கிறதா?”

“சார் பார்த்துவிட்டார்.”

குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “நான் சொன்னாப் பயந்தவள் எண்டு பேர வெட்டுவாங்க. நீங்க சொல்லுங்க காக்கா. நீங்க சொன்னாக் கேப்பாங்க.”

“சொல்லிவிட்டேன்” என்றேன். உண்மைதான். ஒருமுறை சொல்லியிருந்தேன். அவள் நான் சொன்ன விதத்தைப் பார்க்கவில்லை. சத்தமாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார் என்று நினைத்திருப்பாள். முடிச்சை இறுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

புறப்படவே பத்தரை மணியாகிவிட்டது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. வரிசை ஒழுங்காகப் போனது. முக்கால் மணி நேரம் கழித்து, தண்ணீரில் கிடந்த தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாக நகர்வதைக் கண்டேன். காற்று அந்தப் பக்கம் இல்லை. சாரைப் பார்த்துக் கையை அசைத்தேன். அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார், திரும்பவில்லை. ஊதலை எடுத்து ஊதினேன். வரிசை நின்றது. ஒரு படகு மட்டும் நிற்கவில்லை.

ஷிஃபான் ஆற்றுவாய்க் கூட்டத்தை வீடியோ எடுக்க வரிசையை விட்டு எப்போதோ விலகியிருந்தான். துடுப்பு மடியில். படகு தானாகவே அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. காலையில் கோடாக இருந்த இடத்தில் இப்போது மணல் பெரிய பெரிய கட்டிகளாக இடிந்து விழுந்தது. அதன் சத்தம் எங்களுக்குக் கேட்டது. மரம் முறிகிற மாதிரி. அவன் துடுப்பை எடுத்துத் திருப்பப் பார்த்தான். கயாக் பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்தது.

நான் எஞ்சினை முழு வேகத்தில் திருப்பினேன். நூறு பாகத் தூரம் போயிருக்க மாட்டேன், எஞ்சின் முனகி நின்றுவிட்டது. தண்ணீர் இறங்க இறங்க அடியில் கிடந்த பாசி மேலே வந்திருந்தது. விசிறி முழுக்கப் பாசி. எஞ்சினைத் தூக்கி வைத்துக் கத்தியால் அறுக்கத் தொடங்கினேன். அறுக்கும்போது என்னைத் தாண்டி ஒரு கயாக் போனது. ருஷ்தா. என்னைப் பார்க்கவில்லை. பின்னால் சார் ஊதிக்கொண்டே இருந்தார், வரிசைக்குத் திரும்பச் சொல்லி.

அவள் போன விதத்தைச் சொல்ல வேண்டும். பாய்ந்து போகவில்லை. இழுப்பில் படகை விட்டு, துடுப்பால் திசையை மட்டும் பிடித்துக்கொண்டு போனாள். ஷிஃபானை எட்டியதும் படகின் பின்பக்கப் பிடியைப் பிடிக்கச் சொன்னாள். அவன் அவளுடைய கையைப் பிடிக்கப் பார்த்தான். துடுப்பால் அவன் கையைத் தட்டிவிட்டுப் பின்பக்கத்தைக் காட்டினாள். பிறகு திரும்பி இழுப்பை எதிர்த்துத் துடுப்புப் போடவில்லை. எதிர்த்துப் போட்டிருந்தால் இருவரும் போயிருப்பார்கள். இழுப்போடு சரிவாக மணல் திட்டை நோக்கிப் போட்டாள். கடைசி இருபது அடி தூரத்தில் படகு கவிழ்ந்தது. அதற்குள் வயல்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கியிருந்தார்கள். ஒருவர் மண்வெட்டிப் பிடியை நீட்டினார். அவள் ஒரு கையால் அதைப் பற்றினாள். மறு கையில் ஷிஃபானின் அங்கிப் பட்டை இருந்தது. இரண்டு கயாக்கும் கடலுக்குப் போய்விட்டன.

நான் பாசியை அறுத்து, கரையோரமாகவே சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது ஷிஃபான் மணலில் படுத்துத் தண்ணீர் கக்கிக்கொண்டிருந்தான். தோள்பட்டை விலகியிருந்தது. அவன் முதலில் பேசியது, “என்ட போன்” என்றுதான். ருஷ்தா முழங்காலில் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தாள். பல் அடித்துக்கொண்டது.

வட்டை விதானை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார். “நேத்தே கோயில்லயும் சொன்ன, பள்ளியிலயும் சொன்ன. ஒங்களில ஒருத்தருக்கும் தெரியாதா?”

நான் எஞ்சின் விசிறியில் மிச்சமிருந்த பாசியைப் பிய்த்தேன். அவருக்கு என் முகம் நினைவிருந்திருக்கும். முந்தின நாள் என்னோடு பிளேன்டி குடித்தவர். திரும்பி நடந்தார்.

மாலையில் மண்டபத்தில் விக்ரம் சார் மடிக்கணினியில் அறிக்கை எழுதினார். ஹாஜியார் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். மகனுக்குத் தோளை ஏற்றிக் கட்டியிருந்தார்கள். நல்லபடியாக இருந்தான். அறிக்கை இங்கிலீஷில் இருந்தது. சார் அதை எனக்குத் தமிழில் சொன்னார், எதையும் மறைக்கவில்லை. பயிற்சியில் இருந்த ஒரு பெண் உத்தரவு இல்லாமல் வரிசையை விட்டுப் போனதால் குழப்பம் ஏற்பட்டு, இரண்டு படகுகள் இழக்கப்பட்டன, ஒருவருக்குச் சிறு காயம். ஆற்றுவாய் பற்றி ஒரு சொல் இல்லை. ஷிஃபான் முதலில் விலகியது பற்றியும் இல்லை.

“அவள்தானே சார் அவனைக் காப்பாற்றினாள்” என்றேன்.

“நான் இல்லன்னு சொல்லலையே பாய். ஆனா விதி விதிதான். அவ வரிசையை விட்டாளா இல்லையா?”

“விட்டாள்.”

“அதைத்தான் எழுதியிருக்கேன். நீங்க எனக்கு முன்னாடியே சொன்னீங்க, அதையும் நான் மறுக்கல. அதை எழுதணும்னா, தெரிஞ்சும் நீங்க ஏன் படகை இறக்குனீங்கன்னும் எழுதணும். எழுதட்டுமா?”

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். “என்ட மகன்ட உசிரக் காப்பாத்தின புள்ள. நான் மறக்க மாட்டன். பெருநாளைக்கு அவக்கும் மகளுக்கும் நல்ல உடுப்பு எடுத்துக் குடுப்பன். ஆனா வேல எண்டு வரக்குள்ள, ஒரு ஆம்புளயப் பிடிச்சு இழுத்ததப் பாத்த சனம் இருக்கு. ஊர் கதைக்கும்.”

ஊர் கதைத்ததை நானும் கேட்டேன். மஃரிப் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணிக் கடையில் அவளைத் தவிர வேறு பேச்சில்லை. “ஆம்புளப் புள்ளைகள் பாத்துக்கிட்டு நிண்ட. அவ போன” என்றார் கடைக்காரர். “மருதமுனையில பெத்தாலும் பெத்தான் வாப்பா, சிங்கத்தப் பெத்திருக்கான்” என்றார் இன்னொருவர். தப்பாக ஒரு சொல் என் காதில் விழவில்லை.

ஆனால் அதற்கு முன்பே நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். சாட்சி என்ற இடத்தில், தமிழில். என் பாஸ்போர்ட் சாரின் பையில் இருந்தது. அதனால் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கேட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் எடுத்துத் தந்திருப்பார். அப்படிப்பட்ட மனிதர்தான். நான் போட்டது வேறு காரணத்துக்கு. தெரிந்தும் ஏன் இறக்கினாய் என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது.

ஆறாம் நாள் விழா. பெயர் கூப்பிட்டதும் மேடைக்குப் போய், என்னால் முடியும் என்று மைக்கில் சொல்லிவிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். பதினைந்து பேர் சொன்னார்கள். ஷிஃபான் தொட்டில் கட்டிய கையோடு வந்து சொன்னான், கைதட்டல் அதிகம். வழிகாட்டிகளாக மூன்று பேரின் பெயரை வாசித்தார்கள். மூவரும் ஆண்கள். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அதில் ஷிஃபான் பெயர் முதலாவது. ருஷ்தா கடைசி வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். கூப்பிடாதபோதே எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

பிரியாணி பார்சல் கொடுக்கும் இடத்தில் என்னிடம் வந்தாள்.

“காக்கா, நீங்க பாத்தீங்கதானே?”

“ஓம்.”

“ஷிஃபான் முன்னக்குப் போனதையும்?”

“ஓம்.”

“அப்ப அத அவங்களிட்டச் சொன்னீங்களா?”

நான் கையிலிருந்த பார்சல்களைப் பார்த்தேன். கோபமாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எனக்குப் பயமில்லாமப் போகல்ல காக்கா. வேல பெய்த்திடும் எண்டு தெரிஞ்சுதான் போன. மகளுக்கு இண்டைக்கு வரைக்கும் இதச் சொல்லல்ல, வேல கெடச்சிட்டு எண்டுதான் சொல்லி வச்சிருக்கன்” என்றாள். பிறகு, “அவக்கு ஒரு பார்சல் தாங்க, பசிக்குதாம்” என்றாள். கொடுத்தேன். அவளுக்கும் ஒன்று நீட்டினேன். வாங்கவில்லை.

திரும்பும் வழியில் வான் களப்பைச் சுற்றிப் போனது. தண்ணீர் முழுக்க வடிந்து சேறு தெரிந்தது, கொக்குகள் நின்றன. வயலில் பயிர் தலை தூக்கியிருந்தது. ஹாஜியார் எனக்கென்று ஒரு சட்டி எருமைத் தயிர் கட்டிக் கொடுத்திருந்தார். கொழும்பு போய்ச் சேருமுன் சட்டி விரிசல் விட்டு என் பை முழுக்கக் கொட்டிவிட்டது. அந்தப் புளிச்ச வாடை வீட்டுக்கு வந்தபிறகும் போகவில்லை. பையைத் தூக்கிப் போட்டாள் என் மனைவி.

இரண்டு மாதம் கழித்து விக்ரம் சார் சொன்னார், மையம் திறந்துவிட்டதாம். ஷிஃபான்தான் பொறுப்பு. பெண்களின் குழு ஒன்றுகூட வரவில்லை, கூட்டிப்போக அங்கே பெண் இல்லை. “அந்த ஊர்ப் பொண்ணுங்களுக்கு இன்னும் தைரியம் வரல பாய். அடுத்த வருஷம் அவங்களுக்குன்னே ஒரு கேம்ப் போடணும், நீங்களும் வாங்க” என்றார். சரி சார் என்றேன்.

அன்று அறிக்கையில் நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். ஆற்றுவாய் வெட்டுவதை முந்தின நாளே பள்ளியில் கேட்டேன். மத்தியானத்தில் அது என்ன ஆகும் என்று தெரிந்தும் படகுகளை இறக்கினேன். ஷிஃபான் தானாகவே வரிசையை விட்டுப் போனான். என் எஞ்சின் நின்றுவிட்டது. மருதமுனை ருஷ்தா போயிராவிட்டால் அவன் உயிரோடு இல்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

விக்ரம் சாருக்குத் தமிழ் படிக்கப் பொறுமை கிடையாது. கல்முனையில் இது யார் கைக்கும் போகப்போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதியிருக்கிறேன்.